மூன்றாம் நபர்

கடன் வாங்கியது அக்கா புருஷன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைக்கிறேன் என்று ஒரு கம்பெனியில் வாங்கி, நாலே மாதத்தில் கடையை மூடி, சிம் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊரை விட்டே கம்பி நீட்டியவர். தெரிந்தவர் ஒருவருடைய எண் வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில், மச்சினியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் கைப்பேசி எண்ணையும் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபின் எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தார். அக்காவுக்கு அந்தக் கடனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. காகிதங்களையும் அவரே சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

லேபில் அவளைக் குண்டூசி என்பார்கள். வாய் அப்படி.

மூன்று வாரமாக லேபின் தொலைபேசி ஒரு நாளைக்குப் பத்து முறை, பன்னிரண்டு முறை அடித்தது. யார் எடுத்தாலும், "அந்தத் திருட்டுக் குடும்பத்துப் பொண்ணு இருக்காளா?" என்பதே கேள்வி. அவளே எடுத்தால் அதைவிட மோசமான வார்த்தை. நேற்று, சர்க்கரை எகிறிப்போன ஒருவரின் வீட்டார் ரிசல்ட் கேட்க ஒரு மணி நேரம் முயன்றும் லைன் கிடைக்கவில்லை. இன்று காலை லேபை நடத்தும் டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"உன் வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா இது லேபா, வசூல் ஆபீசா? நாளைக்கு வரும்போது, இந்த ஃபோன் நிக்கும்னு எங்கயாவது எழுதி வாங்கிட்டு வா. இல்லன்னா வராத."

மதியம் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கடன் வசூல் புகார்ப் பிரிவின் நான்காம் ஜன்னலில் நின்றாள். பக்கத்துச் சுவரில் புது விதிகளை ஆளுயரத்துக்கு அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். கடன் வாங்கியவரைத் தவிர மூன்றாம் நபர் எவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. பணியிடத்துக்கு அழைக்கக் கூடாது. தகாத சொல் கூடாது. அவள் மூன்று முறை படித்தாள். தனக்காகவே யாரோ உட்கார்ந்து எழுதிய மாதிரி இருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். அச்சில் ஏறிவிட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை அவளிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"லோன் நம்பர்?" என்றார் குமாஸ்தா, தலையைத் தூக்காமல்.

"எனக்கு லோன் இல்ல சார்."

"அப்புறம் என்ன புகார்?"

"லோன் இல்லாத என்னைக் கூப்பிடறாங்க. அதான் புகார்."

"கம்ப்யூட்டர்ல பதினாறு இலக்கம் போட்டாத்தாம்மா அடுத்த பக்கம் தொறக்கும். லோன் வாங்கினவரக் கூட்டிட்டு வாங்க."

"அவரு கெடைச்சா அவங்களே புடிச்சிருப்பாங்களே சார். என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. "அப்ப கம்பெனியில கேட்டு வாங்கிட்டு வாங்க. நெக்ஸ்ட்."

அவள் நகரவில்லை. கைப்பேசி அடித்தது. அவர்கள்தான். அந்த அழைப்புக்காக எந்த நாளும் அவள் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருந்ததில்லை. ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் பலகையில் வைத்தாள்.

"என்ன மேடம், இன்னிக்கு லேபுக்கு மட்டமா? உங்க மாமா எங்க, உங்க கட்டிலுக்கு அடியிலயா?"

"அவரோட லோன் நம்பர் சொல்லுங்க."

"அதெப்படி மேடம்? நீங்க மூணாவது ஆளு. கஸ்டமர் விவரத்த மூணாவது ஆளுக்குச் சொல்லக் கூடாதுன்னு புது ரூல். படிச்ச பொண்ணுதானே நீங்க?"

குமாஸ்தா தலையை ஆட்டினார். "அது சரிதாம்மா. அப்படி ஒரு ரூல் இருக்கு."

அவள் குமாஸ்தா பக்கம் திரும்பினாள். "திட்டறதுக்கு மட்டும் நான் சொந்த ஆளா சார்?"

"பக்கத்துல என்ன ஆம்பள கொரலு?" என்றது கைப்பேசி.

குமாஸ்தா குனிந்து, குரலில் கனத்தை ஏற்றிக்கொண்டு, "இது புகார்ப் பிரிவு அலுவலகம்" என்றார்.

"ஓஹோ, நான் மந்திரி பேசறேன். யோவ், நீ அவளுக்கு எத்தனாவது ஆளு? அவ்ளோ பாசமா இருந்தா உன் சட்டையக் கழட்டி வித்துக் கட்டுய்யா!"

லைன் அறுந்தது. உள்ளே இருந்த மற்ற இரண்டு குமாஸ்தாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். இவருடைய மூக்கு விடைத்தது. விசைப்பலகையை இழுத்து, லோன் எண் கட்டத்தில் டக்டக்கென்று பதினாறு சைபரைத் தட்டினார்.

அடுத்த பக்கம் திறந்தது.

"பொறுக்கிப் பசங்க. கவர்மெண்ட் ஆளுன்னுகூடப் பாக்கல." மேசைத் தொலைபேசியில் அந்தக் கம்பெனி அதிகாரியைப் பிடித்து நாலு கத்து கத்தி, அவளுடைய இரண்டு எண்களையும் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தார். எல்லாம் ஆறு நிமிடம். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முத்திரை குத்திய தாளை நீட்டி, "இனிமே ஃபோன் வராது. போதுமா?" என்றார். நன்றிக்குக் காத்திருக்கிற முகம்.

அவள் படித்தாள். 'புகாரின் தன்மை: அரசு ஊழியரை அவமதித்தல்.'

"இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

"வேல முடிஞ்சுதுல்ல? கெளம்பும்மா."

"மூணு வாரமா என்னை வேசின்னான். அதுக்குப் பதினாறு இலக்கம் கேட்டீங்க. உங்கள ஒரே ஒரு தடவ யோவ்னான், சைபரப் போட்டுட்டீங்க. இத எங்க டாக்டர்கிட்ட காட்டினா என் வேல நிக்குமா? லேபுக்குக் கூப்பிட்டாங்கன்னு எழுதுங்க. மூணு வாரம்னு எழுதுங்க. ரெண்டு நம்பரையும் எடுத்தாச்சுன்னு எழுதுங்க. அந்த வார்த்தையையும் எழுதுங்க."

"அதெல்லாம் எழுத முடியாதும்மா. அசிங்கம்."

"கேட்டுக்கிட்டு நின்னவ நான். எழுதற உங்களுக்குக் கூசுதா?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். இரண்டாவது தாள் வந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்து, மடித்து, கைப்பையில் வைத்தாள். நாளைக்கு லேபுக்குப் போகலாம். ஆனாலும் கோபம் ஒரு துளிகூட இறங்கவில்லை. திரும்பினாள். வாசல் வரைக்கும் வரிசை நின்றது.

"லோன் நம்பர் இல்லாம யாராச்சும் நிக்கறீங்களா? பதினாறு சைபர் போடச் சொல்லுங்க. தொறக்குது."

"ஏம்மா! ஏய், ஏம்மா!" குமாஸ்தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எத்தனை சைபர்னீங்க?" என்று கேட்டபடி, பஸ் கண்டக்டர் சீருடையில் இருந்த ஒரு பெண் அதற்குள் ஜன்னலில் கையை வைத்திருந்தாள்.