ஜம்பரோடு போன இடம்

1992ஆம் ஆண்டு மாசிக் குளிரில் அந்தக் கம்பளி ஜம்பர்கள் வந்து சேர்ந்தன. கடும் சிவப்பு நிறம், நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளை நூலில் எஸ்.எம்.சி. என்று மூன்று எழுத்துகள். யாழ்ப்பாணத்துப் புனித மார்த்தா கல்லூரியின் பழைய மாணவியர் சங்கத்து லண்டன் கிளைக்காரர் எல்லோரும் இல்ஃபோர்டில் தலைவி மிசிஸ் ஜம்புநாதனின் முன்னறையில் கூடிச் சேலைக்கு மேலேயே போட்டுப் பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடிக்கு முன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இடிபட்டார்கள்.

சங்கத்தின் செயலாளர் பெர்னடெற் அன்றைக்கு எழுந்து ஒரு விதி சொன்னாள்.

"இதைப் போட்டுக்கொண்டு றோட்டிலை இறங்கினால் ஆக்கள் எங்களைப் பாக்கமாட்டினம், மார்த்தாவைத்தான் பாப்பினம். பஸ்ஸிலை சத்தமாய்க் கதைக்கிறது, கடையிலை வாய்ச்சண்டை பிடிக்கிறது, பப்புக்குள்ளை போறது, இதொண்டும் வேண்டாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். மிசிஸ் ஜம்புநாதன் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார்.

பெர்னடெற் குறொய்டன் பக்கத்தில் ஓர் அலுவலக வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். எங்கேயோ ஒரு தமிழன் வரிசையில் முண்டியடித்தாலும் பக்கத்து மேசைக்காரி திரும்பி இவளைத்தான் பார்ப்பாள். "உங்கட ஆக்கள்" என்று சொல்லாமல் சொல்லும் அந்தப் பார்வைக்குப் பயந்தே அவள் பத்து வருடமாக மெதுவாகப் பேசி, நேராக நடந்து பழகியிருந்தாள். விதி அங்கேயிருந்துதான் வந்தது.

வைகாசியில் ஒருநாள் தொலைபேசி அடித்தது.

"பெர்னடெற், விஷயம் தெரியுமோ?" மிசிஸ் ஜம்புநாதனின் குரல் தாழ்ந்திருந்தது. "எங்கட றோஸ்மலரைச் சங்கத்துத் தவமலர் கண்டிருக்கிறா. தோர்ண்டன் ஹீத்திலை, பப்புக்குள்ளை. பஸ்ஸிலை போகேக்கை கண்ணாடிக்குள்ளாலை பாத்தவவாம். கையிலை கிளாஸ். பக்கத்திலை ஒரு கறுவல். மார்த்தா ஜம்பரைப் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாவாம்!"

"வேறை ஆரையும் மாறிப் பாத்திருப்பா, அக்கா."

"எழுத்தை வாசிச்சவவாம். நீர் அவவோடை ஒரே வகுப்பிலை படிச்சனீர். போய்க் கேளும். உண்மையெண்டால் ஜம்பரை வாங்கிக்கொண்டு வாரும்."

தொலைபேசியை வைத்த பிறகு அந்தக் 'கறுவல்' என்ற சொல் பெர்னடெற்றின் காதில் கிடந்து உறுத்தியது. அவளையும் இந்த ஊரில் தெருவோரம் நின்றவர்கள் ஏதேதோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் கோபம் முழுக்க றோஸ்மலர் மேல்தான் வந்தது. சொன்ன விதிக்கு மூன்று மாதம்கூட மதிப்பில்லையா?

றோஸ்மலரின் புருஷன் எண்பத்தேழில் ஷெல் விழுந்து செத்துப்போனான். பிள்ளைகள் இல்லை. அடுத்த வருடம் அகதியாக வந்தவள், ஒரு பஸ் டிப்போவின் கன்ரீனில் வேலை எடுத்து, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு துணி வெளுக்கும் கடைக்கு மேலே அறையில் தனியாக இருந்தாள். கூட்டங்களில் மூலையில் இருப்பாள். கேட்டால் சிரிப்பாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை பின்னேரம் பெர்னடெற் போனபோது அறையெல்லாம் சலவைச் சவர்க்காரத்தின் வாசனை. றோஸ்மலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"எதுக்கு வந்தனி எண்டு தெரியும்," என்றாள் அவளே. "பஸ்ஸிலை போன தவமலரை நானும் கண்டனான்."

"அப்ப உண்மையோ?"

"ஓம்."

"குடிச்சனியோ?"

"ஷாண்டி, லெமனேட் கலந்த பியர். அரைக் கிளாஸ். மிச்சத்தை அவர் குடிச்சவர்."

பெர்னடெற்றுக்கு இப்படி நேராகப் பதில் வரும் என்று எதிர்பார்ப்பே இல்லை. தயார் செய்து கொண்டுவந்த வசனங்கள் ஒன்றும் உதவவில்லை. "போறதுதான் போனாய், ஏனடி அந்த ஜம்பரைப் போட்டனி? வேறை உடுப்பு இல்லையோ?"

றோஸ்மலர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பயத்திலை போட்டனான். அவர் வெளியிலை ஒருக்காச் சந்திப்பம் எண்டு மாசக்கணக்காய்க் கேட்டவர். நான் ஒரு ஆம்பிளையோடை தனியாய் வெளியிலை போய் எவ்வளவு காலம்! நாலு உடுப்பு மாத்தினன். கடைசியிலை அந்த ஜம்பரைப் போட்டன். போட்டவுடனை பள்ளிக்கூடத்திலை பந்து விளையாடின அந்த நெற்போல் மைதானத்திலை நிக்கிற மாதிரி இருந்திது. நீ கப்டன், நான் கோல் ஷூட்டர். ஒருத்தருக்கும் பயப்பிடாத ஆள் நான் அப்ப. நினைவிருக்கோ?"

பெர்னடெற்றுக்கு நினைவிருந்தது. எதிர்ப்பள்ளிக்காரி தலைமயிரைப் பிடித்து இழுத்தும் பந்தை விடாத றோஸ்மலர். அந்தப் பெண்ணை லண்டனில் அவள் ஒருநாளும் காணவில்லை.

றோஸ்மலர் எழுந்து அலுமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஜம்பரை எடுத்து மேசையில் வைத்தாள். "கொண்டு போ. பிழை எண்டால் பிழைதான். ஜம்பரைத் தரலாம். நெவிலை விட்டுத்தர எனக்கு ஏலாது."

அந்த நேரத்தில் படியில் காலடி கேட்டது. கதவைத் தட்டிவிட்டு ஓர் உயரமான மனிதர் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும், பஸ் சாரதியின் சீருடை, கையில் ஒரு பையில் வாழைக்காய். பெர்னடெற்றைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். றோஸ்மலர் ஆங்கிலத்தில் பெர்னடெற்றின் பெயரைச் சொன்னதுதான் தாமதம், அவர் முகம் மலர்ந்தது.

"கப்டன் பெர்னடெற்றா! கணுக்கால் சுளுக்கோடு கடைசிக் கால்வாசி ஆட்டம் விளையாடியவர் நீங்கள்தானே?"

 அந்தச் சுளுக்குக் கதை பெர்னடெற்றின் புருஷனுக்கே தெரியாது.

நெவில் கரீபியன் கடலிலுள்ள செயின்ற் லூசியாத் தீவுக்காரர். மனைவியை இழந்தவர். அவரும் கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமைகளில் றோஸ்மலரோடு ஒரே கோயிலுக்குத்தான் போகிறார். கார்த்திகையில் கல்யாணம் என்று சாமியாரிடம் பேசியாகிவிட்டது. இதையெல்லாம் அவர் வாழைக்காயைத் தோல் சீவிக்கொண்டே சொன்னார். மேசையில் கிடந்த ஜம்பரைக் கண்டு, அது ஏன் அங்கே கிடக்கிறது என்று கேட்டார். றோஸ்மலர் பெர்னடெற்றைப் பார்த்தாள்.

"எனக்குக் காட்டத்தான் எடுத்து வைத்தாள்," என்றாள் பெர்னடெற் ஆங்கிலத்தில். அவளே அதைத் தூக்கித் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்தாள்.

அடுத்த கூட்டத்தில் மிசிஸ் ஜம்புநாதன் முதல் வேலையாக, "கேட்டனீரோ?" என்றார்.

"கேட்டனான், அக்கா. போனது உண்மை. அரைக் கிளாஸ் ஷாண்டி குடிச்சதும் உண்மை. சிரிச்சதும் உண்மை. அந்த மனுஷனைத்தான் அவள் கார்த்திகையிலை கல்யாணம் முடிக்கப் போறாள்."

அறை கொதித்தது. இவ்வளவு பேர் இருக்க அவளுக்கு எங்கட ஆளொருத்தன் கிடைக்கவில்லையா என்றாள் தவமலர். விதி விதிதான் என்றார் மிசிஸ் ஜம்புநாதன்.

"விதி நான் சொன்னது," என்றாள் பெர்னடெற். அவளுடைய குரல் அலுவலகத்துக் குரலாக இல்லை. பழக்கமில்லாத சத்தம் அவளுக்கே கேட்டது. "வெள்ளைக்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான் எண்ட பயத்திலை சொன்னது. அவள் பயத்தை விடுறதுக்கு அந்த எழுத்தைப் போட்டிருக்கிறாள். இதிலை ஆர் மார்த்தாவைக் கேவலப்படுத்தினது? நான் அந்த விதியைத் திருப்பி எடுக்கிறன்."

"நீர் நினைச்சபடி எடுக்க ஏலாது. கூட்டத்திலை ஏற்ற விதி."

"அப்ப செயலாளர் பதவியையும் சேத்து எடுங்கோ."

அப்படியே ஆயிற்று. விதி இருந்தது, பெர்னடெற் செயலாளராக இல்லை.  செய்தது சரியா என்று இரண்டு இரவு யோசித்தாள். மூன்றாம் நாள் கல்யாணச் சேலைக்கு இரவிக்கை தைக்க றோஸ்மலரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கல்யாணத்துக்குச் சங்கத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பெர்னடெற்றின் புருஷன் முணுமுணுத்துக்கொண்டு வந்து, நெவிலின் சகோதரர்களோடு கிரிக்கெட் கதையில் இறங்கி, பிறகு எழும்பவே இல்லை. கோயில் மண்டபத்தில் ஒரு மேசையில் புரியாணி, ஒரு மேசையில் ஆட்டுக்கறியும் பொரித்த வாழைக்காயும்.

சாப்பாட்டு நேரத்தில் வாசலில் மிசிஸ் ஜம்புநாதன் நின்றார். கையில் சுற்றிக் கட்டிய ஒரு பெட்டி. பெர்னடெற் ஓடிப்போய்க் கதிரை போட்டாள்.

"கூட்டத்திலை சொன்னதை நான் மாத்தேல்லை," என்றார் அவர் விறைப்பாக. சாப்பாடும் வேண்டாம் என்றார்.

நெவிலின் தாய், எண்பது வயதுக் கிழவி, றோஸ்மலரின் கையைப் பிடித்து ஆட அழைத்தாள். இரண்டு அடி வைப்பதற்குள் றோஸ்மலரின் சேலைக் கொய்யக மடிப்புக் கழன்று காலுக்குள் சிக்கியது. அவள் கூச்சத்தோடு இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள்.

மிசிஸ் ஜம்புநாதன் எழும்பினார். ஆட்களை விலக்கிக்கொண்டு போய், மணப்பெண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முழந்தாளிட்டார்.

"ஆர் கட்டினது இது?" என்றார் கோபமாக. "நிமிந்து நில்லும், றோஸ்மலர். பெர்னடெற், ஒரு ஊசி தாரும்."