வலையில்லாத படகு

லொறி மரைன் டிரைவில் வந்து நின்றபோது ஆறு மணி நான்கு நிமிடம்.

பிரதீஸ் முன் இருக்கையிலிருந்து குதித்தான். தண்டவாளத்துக்கு அப்பால், மணலில், பதினொரு படகுகள் வரிசையாகக் கிடந்தன. எஞ்சின்களைச் சாக்கால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். மற்ற நாட்களில் இந்த நேரத்துக்கு அங்கே ஒரு படகும் இருக்காது. எல்லாம் கடலில் இருக்கும். இன்று எல்லாம் இருந்தன. ஆட்கள்தான் இல்லை. ஒரு நாய் படகுகளுக்கு நடுவே நடந்து, ஒன்றின் ஓரத்தைத் தேர்ந்து படுத்தது.

ஜெயராணி பின்னால் படகோடு வந்திருந்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை படகின் விளிம்பைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. மடியில் ஒரு பை. அதில் தேங்காய், கற்பூரம், செவ்வந்தி மாலை.

"என்னாங்க, ஒருத்தரையும் காணோம்?"

"வருவாங்க."

"எத்தன பேருகிட்ட சொன்னீங்க?"

"எட்டுப் பேரு."

அவள் கைபேசியைப் பார்த்தாள். கோயில் ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் ஆறு பத்திலிருந்து ஏழு இருபது வரை. பௌர்ணமி. அதற்குள் படகு தண்ணீரைத் தொட வேண்டும். குவைத்தில் நான்கு வருடம் இன்னொருத்தியின் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சேர்த்த பணம் அந்தப் படகில் இருந்தது. பணத்தைக் கொடுக்கும்போது அவள் வைத்த நிபந்தனை இது ஒன்றுதான். நேரம் தவறினால் படகு அதை விற்ற கிளெமென்றிடமே திரும்பிவிடும். "தண்ணிகிட்ட ஒரு தடவதான் கேக்கலாம்" என்று சொல்லியிருந்தாள். கிளெமென்றும் ஒத்துக்கொண்டிருந்தார். கல்கிசையில் ஒருவர் அதே படகை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிளெமென்ற் லொறியின் மறுபக்கத்தால் மெல்ல இறங்கினார். ஐப்பசியில் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால்தான் படகு விற்பனைக்கு வந்தது. பதினெட்டு அடி பைபர் படகு. முன்முனையான அணியத்தில் நீல எழுத்தில் 'அந்தோனியார் துணை' என்றிருந்தது. விலை பேசிய அன்று அவர் கேட்டது ஒன்றுதான். "பேரை மட்டும் அழிச்சுப்போடாத, தம்பி. அவர் எல்லாருக்கும் பொது." ஜெயராணி எழுத்தை அழிக்கவில்லை. பக்கத்தில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள்.

நான்கு பழைய டயர்களை வீதியோரத்தில் போட்டு, லொறிக்காரன் ஸப்வானும் பிரதீஸும் ஜெயராணியும் படகை அதன் மேல் சரித்து இறக்கினார்கள். கிளெமென்ற் கையை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றார்.

"நானா, எனக்கு எட்டு மணிக்கு இன்னொரு ஹயர் ஈக்கி" என்றான் ஸப்வான். "நாங்க மூணு பேர் இதத் தூக்கி லைன் தாண்டேலாது. செல்லிட்டன்."

அது எல்லோருக்கும் தெரிந்தது. படகுக்கும் கடலுக்கும் நடுவே தண்டவாளம் இருந்தது. இருபுறமும் கருங்கல் சல்லி. அதற்கப்பால் மணல் சரிவு. இழுத்துப் போக முடியாது, அடிப்பாகம் கிழிந்துவிடும். தூக்கித்தான் போக வேண்டும். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில்.

"எட்டுப் பேரும் என்ன சொன்னவங்கள்?" என்று கிளெமென்ற் கேட்டார்.

"கேட்டேங்க. பலமுன்னாங்க. பாப்போம்னு."

"எல்லாரும் பலமு எண்டவங்களோ?"

"ஆமாங்க."

கிளெமென்ற் படகின் விளிம்பில் சாய்ந்துகொண்டார். "டேய், இருவது வருஷம் நீ கொழும்பில. சிங்களவன் பலமு எண்டால் வரமாட்டன் எண்டு அர்த்தம். முகத்துக்கு நேர இல்லையெண்டு சொல்ல ஏலாமல் சொல்லுறது."

"பதினோரு வருஷந்தாங்க."

"அப்ப இன்னும் ஒன்பது வருஷம் கிடக்கு, படிக்க."

ஸப்வான் சிரித்தான். ஜெயராணி சிரிக்கவில்லை.

பிரதீஸ் கணக்கு வேறுவிதமாகப் போட்டிருந்தான். சாதாரண நாளில் ஆறு மணிக்குக் கரையில் ஆள் இருக்காது. பௌத்தர்கள் உயிர்க்கொலை செய்யாத பௌர்ணமியான போயா நாளில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே எல்லோரும் சும்மா இருப்பார்கள், ஆகவே கை கிடைக்கும். எட்டு வருடம் கூலியாக அவர்களோடு கடலுக்குப் போயிருந்தான். ஆனால் ஒரு போயா நாளிலும் இந்தக் கரைக்கு வந்ததில்லை. போயா என்றால் அவனுக்குத் தூக்கம், பாமன்கடை அறையில், மத்தியானம் வரை. அந்த நாளில் இவர்கள் படகைத் தொடக்கூட மாட்டார்கள் என்பதை அவன் இப்போதுதான், கட்டிய சாக்குகளைப் பார்த்து, விளங்கிக்கொண்டான்.

ஆறு இருபத்தைந்து.

பொகவந்தலாவையில் அவன் பிறந்த தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து பார்த்தால் தெரிவது எதிர் மலை மட்டும். பத்தொன்பது வயதில் காலி வீதிச் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவ வந்தான். அதிகாலையில் கழிவு வாளியைக் கொட்டப் போகும்போது படகுகள் இறங்குவதைப் பார்ப்பான். மூன்றாவது வருடம் ஒருநாள், ஆள் குறைந்த படகொன்றுக்குள் ஏறச் சொன்னார்கள். போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்தான். மறுநாளும் போனான். ஆடும் பலகையில் நிற்பதும் மலைச் சரிவில் நிற்பதும் காலுக்கு ஒன்றுதான் என்பது ஒரு மாதத்தில் தெரிந்தது. கரையில் அவனுக்கு 'தே கொள' என்று பெயர் வைத்தார்கள். தேயிலை. எட்டு வருடத்தில் அந்தப் பெயரும் தேய்ந்து, கூப்பிடும் பெயராகிவிட்டது.

ஆறு முப்பத்தெட்டுக்கு சிறிபால வந்தார். கரைச் சங்கத்தின் தலைவர். பிரதீஸ் கூலிக்குப் போனது அவருடைய படகில்தான். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, கையில் தாமரைப் பூக்கள். பின்னால் இன்னும் ஆறு பேர் அதே வெள்ளையில், அதே பூக்களோடு. பன்சலைக்கு, பௌத்த விகாரைக்கு, போகிற வழி. லொறியைப் பார்த்ததும் எல்லோரும் நின்றார்கள். கடலில் கிழிந்த களிசானோடு மட்டுமே பார்த்த ஆட்களை இப்படிப் பார்க்க பிரதீஸுக்கு ஒரு கணம் யாரென்று தெரியவில்லை.

"அத போய நே, மல்லி" என்றார் சிறிபால.

இன்றைக்குப் போயா அல்லவா, தம்பி. அவ்வளவுதான். பிரதீஸ் சிங்களத்தில், மீன் பிடிக்கப் போகவில்லை, தண்ணீரைத் தொட்டால் போதும் என்றான். நேரம் குறித்திருக்கிறது என்றான். ஏழு இருபது என்றான்.

சிறிபால படகைச் சுற்றி நடந்தார். கைவிரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். எழுத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். நடுப் பலகையில் மடித்த வலை கிடந்தது. அதன் மேல் ஜெயராணி கோயிலிலிருந்து கொண்டுவந்து தூவிய பூ.

"வலையை வைத்துக்கொண்டு மீன் பிடிக்கவில்லை என்கிறாய்" என்றார்.

பின்னால் நின்ற ஒருவர், மலையில் தண்ணீர் இல்லையா, எங்கள் கடலுக்கு வந்து படகு வாங்குகிறாய் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அது பழைய கேலி. அதில் விஷம் இருக்கவில்லை. ஆனால் சிரித்தபடியே அவர்கள் நகரத் தொடங்கினார்கள்.

"அப்ப வலையை எடுங்கோவன்" என்றார் கிளெமென்ற் தமிழில். "வலை இல்லாட்டி என்ன பாவம்?"

"கூடாதுங்க" என்றாள் ஜெயராணி.

"ஏன் பிள்ளை?"

"மொதத் தடவ வெறும் போட்டாப் போகக் கூடாது. வெறுமையாப் போனா எப்பவும் வெறுமையாத்தான் வரும்."

"ஐயர் சொன்னவரோ?"

"யாரும் சொல்லலீங்க. எனக்கே தெரியும்."

பிரதீஸ் அவளைப் பார்த்தான். கொழும்புக்கு வந்து ஒன்பது வருடத்தில் அவள் கடலில் கால் மட்டுமே நனைத்திருக்கிறாள், அதுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அவன் கடலுக்குப் போகும் நாட்களில் அவன் திரும்பும்வரை அவள் சாப்பிடுவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பேசியதில்லை. விட்டுவிடலாம் என்று அவன் சொன்னால் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். சிறிபாலவின் படகில் அவனுக்கு இடம் இருக்கிறது. நாளைக்கு நாலரைக்கு.

ஆறு ஐம்பத்திரண்டு.

அவன் உள்ளங்கையைப் படகின் பக்கத்தில் வைத்திருந்தான். அவ்வளவுதான் செய்தான்.

ஜெயராணி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள். சேலையைச் செருகிக்கொண்டு, டயரில் கால் வைத்து, படகின் விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்து, வலையை இரண்டு கையாலும் வெளியே இழுத்தாள். பூக்கள் வீதியில் கொட்டின. வலை கனமாக இருந்தது. யாரும் உதவிக்கு வரும் முன்பே அது மிதவைகளோடும் ஈயக் குண்டுகளோடும் கிளெமென்றின் காலடியில் விழுந்தது.

"தென் ஹரித, அய்யே?" என்றாள். இப்போது சரியா, அண்ணா.

சிறிபால கையிலிருந்த பூக்களைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். அவற்றை வைக்க சுத்தமான இடம் எதுவும் இல்லை. கிளெமென்றிடம் நீட்டினார். கிளெமென்ற் இரண்டு கையாலும் வாங்கினார். அடுத்தவரும் நீட்டினார். அதற்கடுத்தவரும். கடைசியில் கிளெமென்றின் நெஞ்சில், தையல் போட்ட இடத்தை மூடிக்கொண்டு, ஏழு பேரின் தாமரைப் பூக்கள் இருந்தன.

"இதையாவது தூக்க விட்டீங்களே" என்றார் அவர்.

வெள்ளைச் சாரங்கள் தொடைக்கு மேல் ஏறின. நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம், ஸப்வான் பின்னால். சிறிபால தண்டவாளத்தைத் தெற்கே பார்த்தார், பொறுங்கள் என்று கையைத் தூக்கினார். ரயில் வந்தது. விடுமுறை நாளென்பதால் பெட்டிகளில் கூட்டமில்லை. கதவோரம் நின்றவர்கள், படகைச் சுற்றிக் குனிந்து நின்ற வெள்ளை உடைக்காரர்களைத் தலை திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசிப் பெட்டி தாண்டியது.

"தே கொள, கல்லைப் பார்த்துக் கால் வை" என்றார் சிறிபால. "ஓசன்ன!"

தூக்கினார்கள். சல்லிக்கல் சறுக்கியது. முதல் தண்டவாளம், சிலிப்பர் கட்டை, அடுத்த தண்டவாளம். ஒருவருக்குச் செருப்பு கழன்று லைனில் நின்றுவிட்டது. இரண்டாவது லைனையும் கடந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஜெயராணி பையோடு பின்னால் ஓடி, செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மணலில் படகை இறக்கி, உருளைக் கட்டைகளைப் போட்டுத் தள்ளினார்கள்.

"இனி நான் என் படகுக்கு ஆள் தேட வேண்டும்" என்றார் சிறிபால, யாருக்கென்று இல்லாமல். சொல்லிவிட்டுத் தோளைப் பின்பலகையில் கொடுத்தார்.

ஈர மணலுக்கு வந்ததும் ஜெயராணி முன்னால் போய் மாலையைப் போட்டாள். கற்பூரம் காற்றில் நிற்கவில்லை. மூன்றாவது குச்சியில் ஒரு கணம் எரிந்தது. தேங்காயை ஒரு கல்லில் அடித்தாள். அலை ஏறி வந்து படகின் அடியை நனைத்து, அவள் கணுக்காலையும் நனைத்துவிட்டுத் திரும்பியது. ஏழு பதினொன்று.

அடுத்த அலையில் தள்ளினார்கள். படகு மணலை விட்டது. பிரதீஸ் அணியத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனான். மாதக்கணக்கில் தரையில் கிடந்த படகு ஒருபக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து நின்றது. உள்ளே தண்ணீர் வரவில்லை.

மற்றவர்கள் கரைக்கு ஏறி சாரங்களைப் பிழிந்தார்கள். பன்சலைக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர் சொன்னார். தண்டவாளத்தின் மறுபக்கத்தில் கிளெமென்ற் பூக்களோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஜெயராணி நனைந்த மணலின் விளிம்பில் நின்றாள். ஒரு கையில் உடைந்த தேங்காய், மறுகையில் யாருடையதோ செருப்பு. அவள் கடலைப் பார்க்கவில்லை. படகைத்தான் பார்த்தாள்.

பிரதீஸும் படகுக்குள் பார்த்தான். நடுப் பலகையில், வலை கிடந்த இடத்தில், சதுரமாகத் தூசி படாத ஒரு தடம். அதில் ஒட்டிய இரண்டு செவ்வந்தி இதழ்கள்.

ஒரு அலை வந்தது. அவன் படகை உயரவிட்டு, இறங்கியதும் பிடித்துக்கொண்டான்.

"ராணி, வெறும் போட்டாப் போகக் கூடாதுன்னியே" என்றான். "இங்க ஒரு ஆளு ஒக்கார எடம் இருக்கு. ஏறுறியா?"