சார்ஜ் போடாதே

இன்ஸ்பெக்டர் என் கடைக்குள் நுழைந்தபோது கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

"வாரன்ட் இருக்கா சார்?"

"எனக்குச் சந்தேகம் வந்தாப் போதும்யா. சட்டம் தெரியுமா உனக்கு?"

சட்டம் அவருடைய சட்டைப்பையில்தான் இருக்கும் போலிருக்கிறது.

திருட்டுப்போன ஒரே ஒரு போனைத் தேடி, பழுதுபார்க்க வந்திருந்த பதினேழையும் சாக்குப்பையில் கொட்டினார்கள். உருளைக்கிழங்கைக்கூட யாரும் அப்படிக் கொட்டமாட்டார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பூட்டைத் திறக்கும் எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தேன், வேலைக்கு வேண்டும் என்பதற்காக. ஐயாமார்களுக்கு அது விருந்தாகிவிட்டது.

ஒன்றை மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சினேன். அது எதிர்க்கடைத் தையல்கார அக்காவுடையது. கொன்றுவிடுவேன் என்று புருஷன் மிரட்டிய பேச்செல்லாம் அதில் பதிவாகியிருந்தது. தெரிந்ததும் அவன் போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டான். பாதுகாப்புக் கேட்டு அக்கா போட்ட வழக்கு வியாழக்கிழமை வருகிறது. வேறு நகல் இல்லை.

"சார், உள்ள இன்னும் ஈரமா இருக்கு. சார்ஜ் மட்டும் போட்டுடாதீங்க. பாருங்க, சிவப்பு டேப்புல எழுதியே ஒட்டியிருக்கேன்."

"எங்களுக்கே பாடம் எடுக்கிறியா?"

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பெஞ்சு மேல் பதினேழு போனும் வரிசையாகச் சார்ஜில் கிடந்தன. இரண்டு கான்ஸ்டபிள்கள் யார் வீட்டுக் கல்யாணப் படத்தையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கருகிய வாடை மூக்கில் ஏறியது.

"டேப்பை ஏன் சார் பிச்சீங்க?"

"சார்ஜ் ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருந்துச்சே. சார்ஜ் ஏறினாத்தானே உள்ள பாக்க முடியும்?" என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

என்ன மூளை! அக்காவின் போனைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சர்க்யூட் பலகை அடுப்புக்கரியாக இருந்தது. இனி அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது.

"அது திருட்டு போன் இல்ல, எடுத்துட்டுப் போ" என்றார் இன்ஸ்பெக்டர், தர்மம் செய்கிற தோரணையில். அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் அக்காவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். போன் ஸ்டேஷனில்தான் கெட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், கோர்ட்டில் காட்டிக்கொள்கிறேன் என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அதுல உன் புருஷன் மிரட்டினது இருந்துச்சுன்னு சொல்றியேம்மா, அதுக்கு என்ன ஆதாரம்?"

அக்கா கருகிய போனை அவர் மேசைமேல் வைத்தாள்.

"எடும்மா அதை," என்றார் அவர். "மேசையெல்லாம் கரியாகுது."