அக்கரைக்கு அக்கறையாய்

பழுதான ஃபிரிட்ஜுகளுக்காகப் பதில் சொல்லும் அலுவலகம் அது. முப்பத்திரண்டு நாற்காலி, முப்பத்திரண்டு ஹெட்செட், ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலையும் மேலாளர் தன் அறைக்குள் வைத்துக்கொண்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விற்பனை படுத்துவிட்டதால், அக்கரை மக்களிடம் இனி அக்கரைப் பேச்சிலேயே பேசுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. "அக்கரைக்கு அக்கறையாய்" என்று சுவரில் ஒட்டச் சொன்னார்கள். அச்சகத்துக்காரர் ரகரத்தையும் றகரத்தையும் இடம் மாற்றி அடித்துக் கொடுத்தார். யாரும் கவனிக்கவில்லை, நாலாம் சீட்டுக்காரியைத் தவிர.

அவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்து வளர்ந்தது அக்கரையில். மூன்று வருடம் முன்பு இதே அலுவலகம், "உங்க பேச்சுல ஊர் வாடை அடிக்குது" என்று அவளைத் திருப்பி அனுப்பியது. ஆறு மாதம் பல்லுக்கு நடுவே பென்சிலைக் கடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று, வாடையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். இப்போது அதே வாடைக்கு வகுப்பு, கடைசியில் தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் மாதக் கடைசியில் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வகுப்பெடுக்க வந்தவருக்கு, அவருக்குத் தெரியாமல், ராகம் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆற்றைப் பாலத்தின் மேலிருந்துகூடப் பார்க்காதவர். நாற்பது நகைச்சுவை வீடியோ பார்த்து அக்கரைப் பேச்சில் கரை கண்டவர்.

"ரொம்ப சிம்பிள்ங்க. கடைசி எழுத்தை இழுக்கணும். வணக்கம்மாஆஆ. எங்க, சொல்லுங்க."

முப்பத்தொரு வாய் இழுத்தது. நாலாம் சீட்டு கையைத் தூக்கினாள்.

"சார், அங்க யாரும் இப்படிப் பேச மாட்டாங்க. சட்டுனு வெட்டித்தான் பேசுவாங்க. எழவு சொல்ல வர்றவங்க மட்டும்தான் இழுப்பாங்க."

"நீங்க அந்தப் பக்கமாம்மா?"

"ஆமா சார்."

"பேச்சுல தெரியவே இல்லையே." வகுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். "ஊர்க்காரங்களுக்கு அவங்க ஸ்லாங் அவங்க காதுல விழாது. அதுக்குத்தான் என்னை மாதிரி ஆளு வேணும்."

மூணாம் சீட்டுக்காரன் அவள் பக்கம் சாய்ந்தான். "விடுங்கக்கா. செத்தது ஃபிரிட்ஜுதானே. துக்கம் விசாரிச்ச மாதிரி இருக்கட்டும்."

தேர்வு என்பது நிஜமான ஒரு வாடிக்கையாளரை அழைத்துப் பேசுவது. ராகம் சார் இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மதிப்பெண் தாளோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கரையில் ஒரு வீடு. அங்கிருந்து பழுதுபார்க்க வந்த ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் போய்விட்டது. அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"வணக்கம்மாஆஆ," என்றாள் நாலாம் சீட்டு. வேலை வேண்டுமே. "உங்க வீட்டு விஷயமா ஒரு தகவல் சொல்லணும்மாஆஆ."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு ஒரு பெண் குரல், தரையில் உட்கார்ந்துவிட்ட குரல்.

"எங்க வீட்டுக்காரரா? லாரி எங்க கிடக்கு?"

ராகம் சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வாடிக்கையாளர் மனம் விட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாராம்.

நாலாம் சீட்டின் நாக்கு யாரையும் கேட்காமல் வீடு திரும்பியது. மூன்று வருடமாக வெளியே வராத பேச்சு, வெட்டு வெட்டாக வந்தது. "அம்மா, அவருக்கு ஒண்ணுமில்ல. ஃபிரிட்ஜுதான். கம்ப்ரசர் போச்சு. வேற ஒண்ணுமே இல்ல."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "கம்ப்ரசர் போனதுக்காடி எழவு சொன்ன? எந்தப் பக்கம் நீ?"

"நம்ம பக்கந்தாம்மா."

"தெரிஞ்சேவா சொன்ன?"

போனை வைத்துவிட்டாள் அந்த அம்மா. நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால்கூட நாலாம் சீட்டு அதைத் துடைத்துப் போட்டிருப்பாள். இந்த ஒரு கேள்வி காதுக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"ஆரம்பம் பிரமாதம். நடுவுல ஸ்லாங்கைக் கோட்டை விட்டுட்டீங்க," என்று பத்துக்கு இரண்டு போட்டார் ராகம் சார். "பாவம், இன்னொரு சான்ஸ் தரேன். எதையாவது சொல்லுங்க. மனசுலேருந்து வரணும்."

மனசில் நிறையவே இருந்தது. எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்வதுபோல, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ராகம் சார் போயிட்டாருஊஊ. காலையிலயே போயிட்டாருஊஊ. எடுக்குறதுக்குள்ள வந்து முகத்தைப் பாத்துடுங்கம்மாஆஆ."

மூணாம் சீட்டுக்காரன் கீழே விழாத பேனாவைத் தேடி மேசைக்கடியில் போனான். வெகுநேரம் மேலே வரவில்லை. ராகம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதைத்தான் ஒரு வாரமா கேட்டுக்கிட்டிருக்கேன். யாரு அந்த ராகம் சார், உங்க பாட்டு வாத்தியாரா? நல்ல மனுஷனா இருந்திருப்பாரு." இரண்டை அடித்துவிட்டுப் பத்து போட்டார். "வேலை நிரந்தரம். திங்கட்கிழமைலேருந்து மத்தவங்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்க."

"சரி," என்றாள், வெட்டி.

"பாத்தீங்களா, மறுபடி விட்டுட்டீங்க."