உலைக்கு ஏது லீவு

விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எட்டாவது வண்டிக் கலவையைத் தள்ளிக்கொண்டு போய் உலையின் வாயருகே நிறுத்தினேன். மணல், சோடாத் தூள், சுண்ணாம்பு, நொறுக்கிய பழைய கண்ணாடி எல்லாம் சேர்த்து வண்டிக்கு நூற்றிருபது கிலோ. ஒரு சக்கரம் மூன்று மாதமாகக் கோணிக்கொண்டு கிடக்கிறது. மாற்றித் தரச் சொல்லி நான் கத்தாத கத்தல் இல்லை. சோடாத் தூள் வியர்வையில் பட்டால் கழுத்து தீயாய் எரியும். துடைத்தால் இன்னும் எரியும். பத்தொன்பது வருடமாகத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், எனக்குப் புத்தி வரவில்லை.

உலை வாயில் நின்றவன் என் தம்பி. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரும்புக் கதவை உயர்த்தி, நீளப் பிடி போட்ட ஷவலால் கலவையை உள்ளே எறிய வேண்டும். கதவு திறந்ததும் அடிக்கிற வெக்கையில் அவன் புருவம் எப்போதோ கருகிப் போய்விட்டது. எறிந்து முடித்ததும் நீலக் கண்ணாடித் துண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் துளை வழியாக உள்ளே பார்ப்பான். நெருப்பின் நிறத்தை வைத்தே உலையை எரிக்கும் எண்ணெயைக் கூட்டுவான், குறைப்பான். மீட்டர் என்று ஒன்று சுவரில் இருக்கிறது. அது இவனைப் பார்த்துத்தான் முள்ளை நகர்த்துகிறது என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அந்த உலை பதினோரு வருடமாக அணையவில்லை. மருந்து பாட்டில் செய்யும் கண்ணாடி உலையை அப்படி நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. அணைத்தால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி கல்லாய் இறுகும், சுற்றியுள்ள செங்கல் விரிசல் விட்டுப் போகும். பிறகு அது உலை இல்லை, குப்பை. அதனால்தான் மூன்று ஷிப்டு. ஒரு ஷிப்டு வீட்டுக்குப் போனால் அடுத்தது வந்து நிற்கும். ராத்திரி ஷிப்டு ஆட்களான நாங்கள் மற்ற ஷிப்டு ஆட்களை வாசலில் இடித்துக்கொண்டு போவதோடு சரி, முகம் பார்த்துப் பேசுவது நல்லது கெட்டதுக்குத்தான். நாம் இல்லாத நேரத்தில் உலையை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை.

ஐந்தே முக்காலுக்கு மேனேஜர் வந்தார். எங்கள் ஷிப்டை மட்டும் கூப்பிட்டு ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

"நம்ம ஐயா இன்னியோட தொழில்லேருந்து விடைபெறுறார். பதினோரு மணிக்கு முற்றத்துல பாராட்டு விழா. எல்லாரும் இருந்துட்டுப் போகணும். ஐயாவைக் கௌரவிக்கிற விதமா உங்களுக்கு விழா முடிஞ்சதும் மூணு நாள் லீவு. சம்பளத்தோட."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. மூன்று நாளும் குப்புறப் படுத்துத் தூங்குவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஐயாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் கண்ணாடித் தொழில் என்றால் அவர்தான். முதலாளிமார் சங்கத்துக்கு இருபது வருடத் தலைவர். அவர் தும்மினால் மற்ற ஆறு ஃபேக்டரிக்காரர்களும் கைக்குட்டையை எடுப்பார்கள். ஆனால் கல் நெஞ்சுக்காரர் என்று சொல்ல என் நாக்கு வராது. என் தம்பிக்குப் பதினெட்டு வயதில் உருகிய கண்ணாடி காலில் கொட்டியபோது, அவனைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காலை எடுக்க வேண்டும் என்று சொன்ன டாக்டரிடம் சண்டை போட்டார். கால் தப்பியது. அன்றிலிருந்து தம்பிக்கு அவர் சாமி. 'ஐயாவோட வளர்ப்புப் பிள்ளை' என்று மற்றவர்கள் சீண்டினால்கூடப் பெருமையாகத்தான் சிரிப்பான்.

அப்படிப்பட்டவன் அன்று கைதட்டவில்லை. தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான்.

"டேய், ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? மூணு நாள் லீவுடா!"

"நமக்கு லீவு. சரி. காலை ஷிப்டுக்கு?"

"அவங்க வந்து பாத்துப்பாங்க."

"அவங்களுக்கும் லீவுதான். ஆறரைக்கு அவங்ககிட்டச் சொல்லுவார். மதிய ஷிப்டுக்குப் போன்ல சொல்லியாச்சு." என்னை நிமிர்ந்து பார்த்தான். "உலைக்கு ஏதுக்கா லீவு?"

பத்தொன்பது வருட வேலைக்காரி, வாய் நீளத்துக்குப் பேர் போனவள், எனக்கு இது தோன்றவில்லையே! மூன்று ஷிப்டுக்கும் தனித்தனியாகச் சொன்னதன் சூட்சுமம் அதுதான். ஒவ்வொரு ஷிப்டும் மற்ற இரண்டும் உலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகும். நாலாம் நாள் திரும்பி வந்தால் உள்ளே கல்தான் இருக்கும்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"நேத்து சாயங்காலம் ஐயா கூப்பிட்டுவிட்டார். இன்னிக்கு நாலு மணிக்கு எண்ணெய் வால்வ மூடணுமாம். என் கையாலதான் மூடணுமாம். வேற யார் மூடினாலும் அவருக்கு மனசு ஆறாதாம்."

"நீ என்ன சொன்னே?"

"தலைய ஆட்டிட்டேன்."

"ஆட்டுவே! அவர் கிணத்துல குதின்னா எந்தக் கிணறுன்னு கேட்டுட்டுப் போறவன்தானே நீ! முந்நூறு குடும்பம்டா. உன் பொண்டாட்டியும் இங்கேதான் பாட்டில்ல கீறல் பாக்கறா. அது ஞாபகம் இருக்கா?"

"இந்தக் காலு அவர் குடுத்ததுக்கா," என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுகூடத் தெரியாத கோபம்.

நேராகப் பேக்கிங் பிரிவுக்குப் போனேன். அங்கே 'மைக்கு' இருக்கிறாள். உலையின் இரைச்சலுக்கு மேல் குரல் கேட்கிற ஒரே பெண்பிள்ளை என்பதால் அந்தப் பேர். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த அட்டைப் பெட்டியை அப்படியே கீழே வைத்தாள்.

"மூணு ஷிப்டும் ஒண்ணா உக்காரப் போறது எப்ப?" என்று கேட்டாள்.

"பதினோரு மணிக்கு. விழாவுல."

"அவங்களே நமக்குக் கூட்டம் போட்டுக் குடுத்திருக்காங்கடி," என்றாள்.

முற்றத்தில் பந்தல். உலையடியில் இரண்டு பேரை விட்டுவிட்டு மூன்று ஷிப்டும் வந்திருந்தோம். மற்ற ஆறு முதலாளிகளும் முன்வரிசையில். பத்திரிகைப் போட்டோக்காரர்கள் இரண்டு பேர். ஐயா மேடையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துவிட்டார் பாவம், சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. அவரைப் பார்த்ததுமே பேக்கிங் பெண்கள் பாதிப் பேர் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். நான் பொய் சொல்லக்கூடாது, என் முந்தானையும் கண்ணுக்குப் போனது.

"நீங்க எல்லாரும் என் குடும்பம். எங்கே போனாலும் உங்கள மறக்க மாட்டேன்," என்று ஐயா பேசி முடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கு எழுந்தாள். அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"ராத்திரி ஷிப்டுக்கு லீவு உண்டா?"

"உண்டு!" என்று நாங்கள் கத்தினோம்.

"காலை ஷிப்டுக்கு?"

"உண்டு!"

"மதிய ஷிப்டுக்கு?"

"உண்டு!" இதைச் சொல்லும்போதே சில குரல்கள் பாதியில் நின்றன. ஆட்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நாளைக்கு உலைய யாரு பாத்துப்பா?"

முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் வெளிறியதை அன்றுதான் பார்த்தேன்.

மேனேஜர் குதித்து வந்தார். "இது ஐயாவ வழியனுப்புற நேரம்! மரியாதை தெரியாதா?"

"ஆமாம்மா, நல்ல மனுஷனை அழ வச்சு அனுப்பாதீங்க," என்று காலை ஷிப்டு ஃபிட்டர் ஒருவரும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஐயா முதல் ஆளாக வந்து நின்றவர்.

நான் எழுந்தேன்.

"ஐயா, உலைய அணைக்கச் சொன்னீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

ஐயா பொய் சொல்லவில்லை. "சொன்னேம்மா. இடத்த வித்தாச்சு. வாங்கினவருக்கு ஃபேக்டரி வேணாம், மனைதான் வேணும். உலை எரியிற இடத்த எவன் வாங்குவான்? உங்களுக்குச் சேர வேண்டியத ஒண்ணு விடாமக் குடுக்கச் சொல்லியிருக்கேன்."

"நாங்க அதக் கேக்கலீங்க. வேலையக் கேக்கறோம்."

"எனக்கும் வயசாயிடுச்சும்மா. மக வீட்டோட போயி இருக்கலாம்னு பாக்கறேன். நான் ஓய்வெடுக்கக் கூடாதா?"

"நல்லா எடுங்கய்யா. நூறு வருஷம் இருங்க. ஆனா உலைய ஏன் கூடவே கூட்டிட்டுப் போறீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரோ கைதட்டினார்கள். முன்வரிசை முதலாளிகள் மட்டும் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐயா மேடையை விட்டு இறங்கினார். விழா அத்தோடு கலைந்தது. ஆனால் ஆட்கள் கலையவில்லை. அந்த ஃபிட்டர் என்னிடம் வந்து, "அவரை எனக்குப் பிடிக்கும். ஆனா அதுக்காக என் பிள்ளைங்க வயித்துல அடிக்க விட முடியாது," என்று சொல்லிவிட்டு உலைக்கூடத்துக்குள் நடந்தார். அவர் பின்னால் எல்லோரும் நடந்தோம்.

நாலு மணிக்கு ஐயா உலைக்கூடத்துக்கு வந்தார். வாசலிலேயே கொஞ்சம் திகைத்து நின்றார். ஐம்பது பேர் நிற்கிற இடத்தில் மூன்று ஷிப்டும் நின்றது. தம்பி வால்வின் இரும்புச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூடுவதற்குப் பிடித்திருக்கிறானா, மூடவிடாமல் பிடித்திருக்கிறானா என்று கூடப் பிறந்த எனக்கே தெரியவில்லை. அவன் மூடினால் யாரும் தடுக்க முடியாது, ஒரு சுற்றுதான்.

"நாலாச்சுப்பா," என்றார் ஐயா. குரல் கனிவாகத்தான் இருந்தது. "மூடிடு."

தம்பி அசையவில்லை.

"எனக்கு வாக்குக் குடுத்திருக்கே."

"குடுத்தேங்கய்யா." அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புருவம் இல்லாத முகம், அழும்போது குழந்தை மாதிரி இருக்கும். "நீங்க எனக்குச் செஞ்சத செத்தாலும் மறக்க மாட்டேன். எந்த ஊர்ல இருந்தாலும் கூப்பிடுங்க, வந்து உங்க காலு அமுக்கறேன். ஆனா நன்றி எனக்கு மட்டும்தாங்கய்யா. உலை இவங்க எல்லாருக்கும்."

சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல் அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைக்கு உட்கார்ந்தாள். அந்த ஃபிட்டர் உட்கார்ந்தார். தம்பியின் மனைவி பாட்டில் பிரிவிலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். பிறகு யார் யார் உட்கார்ந்தார்கள் என்று எண்ண முடியவில்லை.

ஐயா வெகுநேரம் உலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது இன்னும் அவருடைய ஃபேக்டரிதான்; 'எரியட்டும்' என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. திரும்பி நடந்தார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாரும் வழியனுப்பப் போகவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அதற்காக எழுந்திருக்கவும் இல்லை.

மேனேஜருக்கு இப்போதுதான் மீசை துடித்தது. "உக்காருங்க, நல்லா உக்காருங்க! தொட்டியில ஒன்பது நாள் எண்ணெய் இருக்குங்கிற தைரியம்தானே? நாளைக்குக் காலைல டேங்கர் லாரி வருது. ஒரு சொட்டு விடாம உறிஞ்சிட்டுப் போகப் போறான். அப்புறம் உங்க வாய்ப்பேச்ச வச்சு எரிங்க!"

டேங்கர் வருவது எங்கள் யாருக்கும் தெரியாது. எண்ணெய் போனால் தம்பி வால்வைக் கட்டிப்பிடித்து என்ன பயன்?

அப்போது கதவோரமாக ஓர் ஆள் தொண்டையைச் செருமினார். மைக்கின் புருஷன். அவள் போடுகிற சத்தத்துக்கும் சேர்த்து வீட்டில் பேசாமல் இருக்கிறவர் என்று கேலி செய்வோம். விழா பார்க்க வந்தவர், நடுவில் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்த டேங்கர் ஓட்டறது நான்தான்," என்றார். "அது வராது."

"நீ வராட்டி வேற டிரைவர் வருவான்!"

"மொத்தம் பதினாலு பேருங்க சார் நாங்க. எல்லாரும் ஒரே ஸ்டாண்டுலதான் இருக்கோம். மத்தியானமே பேசிட்டோம். யாரும் வர மாட்டாங்க."

மைக்கு தன் புருஷனை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். "வாயத் திறந்துட்டாருடி!" என்று என் காதில் சொன்னாள். அவள் காதில் சொன்னால் கூடம் முழுக்கக் கேட்கும். ஒரே சிரிப்பு. அழுதுகொண்டிருந்த தம்பிகூடச் சிரித்துவிட்டான்.

மேனேஜர் போகிற போக்கில் நின்று விரலை நீட்டினார். "ஒன்பது நாள். சரி. பத்தாம் நாள் என்ன பண்ணுவீங்க?"

பத்தாம் நாள் போலீஸ் வரலாம், கோர்ட்டு வரலாம், வாங்கினவன் ஆட்களோடு வரலாம். எதுவும் எங்கள் கையில் இல்லை. ஆனால் என் இரண்டு பக்கமும் மூன்று ஷிப்டு ஆட்களின் தோள் இடித்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, நாங்கள் இல்லாத நேரத்தில் உலையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முகம் முகமாகத் தெரிந்தது.

"அதப் பேசி முடிக்க எங்களுக்கு ஒன்பது நாள் இருக்குங்க சார்," என்றேன்.

ராத்திரிப் பத்து மணிக்கு ஷிப்டு மாறும் சங்கு ஊதியது. ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.