அஞ்சு அஞ்சுக் கோச்சி

பின்னேரம் நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு மங்கையற்கரசி பேஸ்மன்ற் குசினியில் சட்டென்று எழுந்து நின்றாள்.

"வெளிக்கிட்டிட்டுது."

"என்ன அக்கா வெளிக்கிட்டது?" அவளோடு கனடாவில் அந்த ஸ்காபரோ வீட்டில் வாடகைக்கு இருக்கும் புனிதவதி, வெங்காயம் உரித்த கையால் மூக்கைத் துடைத்தாள்.

"இவரின்ரை கோச்சி. ஜப்பானிலை இப்ப புதன்கிழமை விடிய அஞ்சு அஞ்சு."

"இஞ்சை செவ்வாய்க்கிழமை உலையே வைக்கேல்லை. அதுக்குள்ளை அத்தானுக்குப் புதன்கிழமை விடிஞ்சிட்டுதோ!"

புனிதவதி சிரித்தாள். மங்கையற்கரசி சிரிக்கவில்லை. கணவன் நவரட்ணத்தைப் பார்த்து மூன்று வருடமாகிவிட்டது. அவன் வேலை செய்யும் கப்பல் ஜப்பானில் ஷிமிசு துறையில் இரண்டே நாள்தான் நிற்கும். புதன் காலை ஒன்பது மணிக்கு தோக்கியோவில், கனடாத் தூதரகத்தில், அவனுக்குக் குடிவரவு இன்ரவியூ. இதைத் தவறவிட்டால் கப்பல் திரும்ப அந்தக் கரைக்கு வர எட்டு மாதம் செல்லும். அதுவரை ஃபைல் திறந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்?

அதனால்தான் மேல்வீட்டு மிசிஸ் ஒகுராவிடம், அவருடைய தம்பி ஜப்பானிலிருந்து வந்தபோது விட்டுப்போன தடித்த ரயில் நேரசூசியை இரவல் வாங்கினாள். மிசிஸ் ஒகுரா தோக்கைதோ பிரதான பாதையின் ஸ்ரேசன் பெயர்களை ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். மங்கையற்கரசி அடிமட்டம் வைத்து நேரங்களைப் பார்த்தெழுதி, கப்பல் ஏஜென்ற் விலாசத்துக்குக் கடிதம் போட்டாள். ஷிமிசுவில் அஞ்சு அஞ்சுக் கோச்சி. எட்டு மணிக்குத் தோக்கியோ.

இப்போது அந்த ரயிலில் அவளும் இருந்தாள். சுவரோடு உயரத்தில் இருந்த சின்ன யன்னல் ரயில் யன்னலாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் புல்லு காற்றில் சாயச் சாய, ஏதோ ஒரு வயல் பின்னோக்கி ஓடியது.

"யுய். கடலோடை ஒட்டின ஸ்ரேசனாம். வலப்பக்கம் முழுக்கத் தண்ணி."

"அத்தான் தண்ணியைப் பார்த்துப் பார்த்துக் களைச்ச மனுசன். நித்திரை கொள்ளுவார்."

"விசர்க்கதை பேசாதை. கரையிலை இருந்து பார்க்கிற கடல் வேறை."

ஃபூஜி. நுமாசு. மிஷிமா. அதற்குப் பிறகு எட்டு நிமிடச் சுரங்கம் என்று மிசிஸ் ஒகுரா சொல்லியிருந்தார். மங்கையற்கரசி எட்டு நிமிடமும் கண்ணை மூடியிருந்தாள். இருட்டில் அவனுடைய முழங்கை அவளுடைய முழங்கையில் பட்டது போல இருந்தது. கண்ணைத் திறந்தபோது முன்னால் மிசிஸ் ஒகுரா நின்றார். கையில் வேகவைத்த கீரைக் கிண்ணம்.

"அற்றாமிக்கு வந்திட்டம்," என்றாள் மங்கையற்கரசி ஆங்கிலத்தில்.

மிசிஸ் ஒகுரா சிரித்தபடி புத்தகத்தை எடுத்து அட்டையைத் திருப்பினார். சிரிப்பு மெல்ல நின்றது.

"தம்பி வந்தது எண்பத்திநாலில். இப்போது எண்பத்தியேழு. நேரங்களை இரண்டு தரமாவது மாற்றியிருப்பார்கள். ரயில்வேயையே இந்த ஏப்ரலில் பிரித்துவிட்டார்களே! நான் அட்டையைப் பார்க்கவே இல்லை, மங்கை."

"அப்ப அஞ்சு அஞ்சு?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

ரயில் அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று. யன்னலில் வெறும் புல்லு. ஓடாவாரா, யோக்கோஹாமா என்று பென்சில் எழுத்துகள் வரிசையாகக் கிடந்தன. ஆளில்லாத மேடையில் அவன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. இரவு எட்டு மணியாயிற்று; அங்கே காலை ஒன்பது, இன்ரவியூ நேரம். மூவரும் கீரையை வாயில் வைக்கவில்லை.

ஒன்பதுக்கு, வெளியே வெளிச்சம் மங்கும்போது, ரெலிபோன் அடித்தது. கலெக்ட் கோல்.

"அரசி? நீர் எழுதின கோச்சி இல்லையப்பா!"

"ஐயோ..."

"கேளுமன். எங்கட ஊர்க் கோச்சியிலை ஓடித்திரிஞ்ச ஆள் நான். அஞ்சு அஞ்செண்டால் ஏழுக்குத்தான் வருமெண்டு நேற்றுப் பின்னேரமே ஸ்ரேசனுக்குப் போயிட்டன். அங்கை நிண்ட ஸ்ரேசன் மாஸ்ரர் உம்மட கடிதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி, கையைப் பிடிச்சு இரவுக் கோச்சியிலை ஏத்தி விட்டிட்டார். விடியும்வரை எம்பசி வாசல்லை இருந்தன்."

"என்ன சொன்னவை?"

"இன்ரவியூ சரியாம். மெடிக்கலுக்குப் பேப்பர் தந்திருக்கினம்."

புனிதவதி கையில் இருந்த கரண்டியை விட்டாள். மிசிஸ் ஒகுராவுக்கு மொழி விளங்கவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்தார்.

"அப்ப நீங்கள் கடலைப் பார்க்கேல்லையோ?" மங்கையற்கரசிக்கு அழுகையோடு அதுதான் வந்தது.

"கும்மிருட்டிலை என்னத்தைப் பார்க்கிறது? நீர் பார்த்தனீரோ?"

"பார்த்தன். வலப்பக்கம்." அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இப்ப பகல்தானே. திரும்பிப் போகேக்கை இடப்பக்கம் இருங்கோ. யுய் வரும். நித்திரை கொண்டிடாதேங்கோ, நானும் வாறன்."