கார் ஷெட்டில் காய்ச்சிய தைலம்

ஜூலை மாதம், இங்கே நடுக் குளிர்காலம். எங்கள் ஊர் ஓபோடிகியில் நான்கு நாளாக மழை விடவில்லை. அந்தச் சனிக்கிழமை என் கணவர் ரேவியின் சொந்தபந்தம் முழுவதும் ஒன்றுகூடுவதாக இருந்தது. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு டப்பா தலைவலித் தைலம் தருவதாக நானும் என் நாத்தனார் மெரெபெகாவும் வாக்குக் கொடுத்திருந்தோம். மொத்தம் எண்பது டப்பா.

இந்தப் பக்கத்து மூலிகையான கவாகவா இலையை ஆலிவ் எண்ணெயில் போட்டு, கொதிக்க விடாமல் ஆறு மணி நேரம் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். பிறகு வடிகட்டித் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தால் தைலம். வீட்டுக்குள் காய்ச்சினால் ரொட்டியில்கூட இலை வாசம் அடிக்கிறது என்று ரேவி முகம் சுளிப்பார். அதனால் கார் ஷெட்டுக்குப் போனோம். மீன் பிடிக்கப் போகும்போது எடுத்துப் போகிற கேஸ் அடுப்பை அங்கே வைத்தோம். மெரெபெகா குளிர் தாங்காமல் தன் வீட்டு கேஸ் ஹீட்டரையும் கொண்டுவந்துவிட்டாள். சாரல் உள்ளே அடித்தது. ஷட்டரை இறக்கி, அடியில் பழைய துண்டுகளைச் சுருட்டிச் செருகியது நான்தான்.

முதல் நாள் மதியமே எனக்கு நெற்றி இரண்டு பக்கமும் தெறித்தது. போன வருஷத்துத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, மெழுகு வாங்கத் தேனீக்காரர் வீட்டுக்கு வண்டியில் போனேன். பாதி வழியில் வலி போன இடம் தெரியவில்லை.

"பாத்தியா, நம்ம கைராசி" என்றேன் திரும்பி வந்ததும்.

"நீங்களே செஞ்சு நீங்களே மெச்சிக்கோங்க அண்ணி. எனக்கும்தான் மண்டை இடிக்குது. தேச்சேன், ஒண்ணும் கேக்கல" என்றாள் மெரெபெகா.

ஒரே தைலம். எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் இன்னும் மோசம். எத்தனை குவளை எண்ணெய் ஊற்றினேன் என்று மூன்று முறை மறந்தேன். மெரெபெகா ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினாள். இருவருக்கும் வயிற்றைப் புரட்டியது.

"இலை பறிக்கிறப்போ வழக்கப்படி வேண்டிக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"வேண்டாம இருப்பேனா?"

"எங்க பறிச்ச?"

அவள் கரண்டியையே பார்த்தாள். "புழு ஓட்டை போட்ட இலையிலதான் மருந்து ஜாஸ்தின்னு நீங்கதான் சொன்னீங்க. நம்ம வேலியில எல்லாம் முழுசா இருந்துச்சு. அதான்..."

"அதான்?"

"கல்லறைப் பக்கம் கொஞ்சம் பறிச்சேன். வேலிக்கு வெளியதான் அண்ணி. ஒரு கிளை மட்டும் உள்ளேர்ந்து எட்டிப் பாத்துச்சு."

கல்லறை இலையை யாராவது காய்ச்சுவார்களா? அவளை இழுத்துக்கொண்டு வெளியே போய், தோட்டத்துக் குழாயில் கை கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். தெரிந்த பிரார்த்தனை எல்லாம் சொன்னோம். மழையில் கால்மணி நேரம் நின்றிருப்போம். தலை லேசாகிவிட்டது.

"போயிருச்சு" என்றாள் மெரெபெகா. அவள் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சுட்டாங்க அண்ணி."

கல்லறை இலையைப் பிரித்து எடுக்க வழியில்லை, எல்லாம் ஒரே பானையில் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு, வேலி இலையைப் போட்டுப் புதிதாக ஆரம்பித்தோம். ஷட்டரை இறக்கினோம். ஹீட்டரைக் கூட்டி வைத்தோம்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வலி இரண்டு மடங்காகத் திரும்பியது. இப்போது எதைக் கொட்டுவது? வேலி இலையிலும் குற்றமா, பிரார்த்தனையில் வார்த்தை தப்பியதா, என் தாய்வழியில் யாருக்காவது என்மேல் மனக்குறையா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். எதையும் கடைசிவரை யோசிக்க முடியவில்லை. மெரெபெகா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அது தவறு என்று மட்டும் தோன்றியது. ஏன் தவறு என்று தெரியவில்லை. எழுந்து அவளை உலுக்க நினைத்தேன், கால் என்னுடையது போலவே இல்லை. ஒரு காலி டப்பாவுக்கு மூடி போட்டேன். அது சேரவில்லை. மறுபடி போட்டேன்.

கார் பேட்டரிக்கு மாட்டும் வயரைத் தேடி ரேவி வந்தார். ஷட்டர் கிறீச்சிட்டு ஏறிய சத்தமும் அவர் குரலும் ஏதோ தூரத்தில் கேட்டன. தங்கையைத் தோளில் தூக்கிப்போட்டு வெளியே புல்லில் கிடத்தினார். திரும்பி வந்து என்னை இழுத்தார். மூடி பாக்கியிருக்கிறது என்று நான் அவரோடு சண்டை போட்டேனாம்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாட்டிப் பல மணி நேரம் படுக்க வைத்தார்கள்.

"அடைச்ச இடத்துல கேஸ் எரிச்சா விஷக்காத்து சேரும்மா" என்றாள் நர்ஸ். "புகையும் இருக்காது, வாசனையும் இருக்காது. மொதல்ல தலைவலி, அப்புறம் குழப்பம், அப்புறம் தூக்கம். இன்னும் அரைமணி போயிருந்தா உங்க நாத்தனார் எழுந்திருக்க மாட்டாங்க."

தேனீக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் வலி விட்டது தைலத்தால் அல்ல, காற்றால். குழாயடியில் விட்டதும் காற்றால்தான். கேட்கும்போது தெளிவாகத்தான் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் மெரெபெகா முகமூடியை விலக்கினாள். "அந்த நேரம் பாத்து உன்னை வயர் தேட வச்சது யாரு?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"பேட்டரி செத்துப்போச்சு. அதான் தேடினேன்."

"நேத்துதானே புதுசா மாத்துன?"

ரேவி தலையைச் சொறிந்துகொண்டு, காபி வாங்கி வருவதாகப் போய்விட்டார். கல்லறையில் இருப்பவர்கள் தண்டித்தார்களா, காப்பாற்றினார்களா, இல்லை எங்களைக் கண்டுகொள்ளவே இல்லையா? நான் நர்ஸைப் பார்த்தேன். அவள் என் நாடியில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.